ஸ்க்விட்டுக்கு எவ்வளவு டிஸ்க் கொடுக்கலாம்?

கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது உபுண்டு கணினிகள். எல்லாவற்றுக்கும் ஒரே அப்டேட் வேண்டும். அதை நாற்பது முறை வெளியிலிருந்து இறக்குவது வீண்செலவு. நடுவில் ஒரு ப்ராக்சி சர்வர் இருந்தால், முதல் கணினிக்காக வந்த ஃபைலை டிஸ்க்கில் சேமித்துவைத்து, மற்றவற்றுக்குத் தானே கொடுத்துவிடும். இந்த வேலைக்குப் பேர்போன மென்பொருள் ஸ்க்விட். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் நடந்த ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்தது, இன்றும் இலவசம்.

ஆனால் புதிதாக நிறுவிய ஸ்க்விட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை, ரேமில் மட்டுமே சேமிக்கும். டிஸ்க் வேண்டுமென்றால் அமைப்பு ஃபைலில் அதற்கான வரியை உயிர்ப்பிக்க வேண்டும். அந்த வரியின் கடைசியில் 100 16 256 என்று மூன்று எண்கள் இருக்கும். பின்னிரண்டும் ஃபோல்டர் கணக்கு: 16 ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 256. ஒரே ஃபோல்டரில் லட்சம் ஃபைல்கள் குவிந்து தேடல் மந்தமாகாமலிருக்கத்தான் இந்தப் பிரிப்பு. அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

வம்பெல்லாம் முதல் எண்ணில்தான். அது மெகாபைட்டில் சொல்லும் கொள்ளளவு. டிஸ்க்கில் 500 ஜிபி காலியாக இருக்கிறதே என்று முழுவதையும் எழுதிக்கொடுக்கத் தோன்றும். கூடாது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஸ்க்விட் ரேமிலேயே வைத்திருக்கிறது. 64-பிட் கணினியில் டிஸ்க்கின் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 14 எம்பி. 500 ஜிபிக்கு அட்டவணை மட்டுமே 7 ஜிபி ரேமைத் தின்றுவிடும். ரேம் போதாமல் போனால், வேகத்துக்காக வைத்த சர்வரே எல்லோரையும் காக்கவைக்கும். ஆய்வகத்துக்கு 20 ஜிபி தாராளம் என்பேன். அட்டவணைக்கு 280 எம்பிதான் ஆகும்.

இன்னொரு கண்ணி: 4 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஸ்க்விட் வழக்கமாக டிஸ்க்கில் வைப்பதில்லை. பெரிய அப்டேட் ஃபைல்கள் எல்லாம் அதைத் தாண்டியவை! அந்த வரம்பை உயர்த்தும் வரியை டிஸ்க் வரிக்கு மேலே எழுதுங்கள். பிறகு ஸ்க்விட்டை நிறுத்தி, -z (இசட்) என்ற கட்டளைத் தேர்வுடன் ஒருமுறை ஓட்டினால் ஃபோல்டர்கள் உருவாகும்.

இணையத்தின் பெரும்பகுதி இப்போது எச்டிடிபிஎஸ்ஸில் பூட்டப்பட்டிருப்பதால், உள்ளே என்ன போகிறது என்றே ப்ராக்சிக்குத் தெரியாது. உபுண்டு அப்டேட்டுகள் விதிவிலக்கு. அவற்றின் நம்பகத்தன்மையை டிஜிட்டல் கையொப்பம் பார்த்துக்கொள்வதால், பல சர்வர்கள் இன்னும் வெறும் எச்டிடிபியிலேயே அனுப்புகின்றன. இரண்டாவது கணினியை அப்டேட் செய்துவிட்டு ஸ்க்விட்டின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: டிசிபி_ஹிட் என்று இருந்தால், ஃபைல் உங்கள் டிஸ்க்கிலிருந்தே போயிருக்கிறது.