கோடையில் வாடும் பள்ளித் தோட்டங்கள்
புது தில்லி: சமையலும் தோட்டக்கலையும் கற்பிக்கும் கோடை முகாம்கள் பெருநகரங்களில் இன்று புதியவை அல்ல, கட்டணம் செலுத்த இயன்றோரின் பிள்ளைகளுக்கு அவை கிட்டுகின்றன.

அரசுப் பள்ளிகளுக்கும் இப்பாடம் ஏட்டளவில் உண்டு. ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான நெறிமுறைகளை 2019 அக்டோபரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போது கல்வி அமைச்சகம்) வெளியிட்டது. மாணவர்களே விதைத்து, நீர் ஊற்றிப் பறிக்கும் கீரையும் காயும் மதிய உணவில் சேர வேண்டும். நிலமில்லாத பள்ளிகள் மொட்டை மாடியிலும் தொட்டியிலும் வளர்க்கலாம். 2021-இல் மதிய உணவுத் திட்டம் 'பி.எம். போஷண்' எனப் பெயர் மாறியபோது சமையல் போட்டிகளும் ஊக்குவிக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், வட மாநிலங்களில் வெண்டையும் சுரையும் காய்க்கும் மே, ஜூன் மாதங்களில் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. செடிக்கு நீர் ஊற்ற ஆளில்லை. பிள்ளைகளுக்கு மதிய உணவும் இல்லை. கோடை விடுமுறையிலும் உணவு வழங்குமாறு 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு வறட்சிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது.

பள்ளி வளாகத்திலேயே முகாம் நடத்தினால் தோட்டமும் பிழைக்கும், பிள்ளைகளும் பசியாறுவர். இடம் இருக்கிறது, கிராமப் பள்ளிகள் பலவற்றில் அடுப்பும் இருக்கிறது. சமைப்பவர் யார்? மத்திய நெறிமுறைப்படி சமையல் பணியாளருக்கு 2009-இல் நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் ரூ.1,000. அதுவும் ஆண்டுக்கு 10 மாதங்களுக்குத்தான்.