கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? முதலில் ‘எப்போது’ என்று கவனியுங்கள்

“அண்ணே, காடி இடது பக்கமா இழுக்குது. அலைன்மெண்ட் செஞ்சு கொடுத்துடுங்க.”

பெருநாள் காலங்களில் என் பட்டறையில் அதிகம் காதில் விழும் பேச்சு இதுதான். தீபாவளியோ சீனப் புத்தாண்டோ நெருங்கினால், கம்பத்துக்குக் கிளம்பும் முன் காரைக் காட்ட வருவார்கள். நோயைச் சொல்லும்போதே மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சாவியை வாங்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: “எப்போ இழுக்குது?” நேராகப் போகும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, எண்ணெய் அழுத்தும்போதா, கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிய பிறகா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அலைன்மெண்ட் பல காரணங்களில் ஒன்று மட்டுமே. அதைக் கடைசியாகப் பார்ப்பதுதான் முறை.

சாலையா, காரா?

மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்தே போடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இடதுபுறமாகவே அமையும். அதனால் எந்தக் குறையும் இல்லாத காரும் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும்.

இதைச் சோதிக்க, போக்குவரத்து இல்லாத நேரத்தில், நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிந்தும் இருக்கும் ஒருவழிச் சாலைக்குப் போங்கள். ஸ்டீரிங்கை விட்டுவிடாமல், பிடியை மட்டும் ஓரிரு விநாடி தளர்த்துங்கள். இடது தடத்தில் இடப்பக்கமும் வலது தடத்தில் வலப்பக்கமும் கார் ஒதுங்கினால் காரணம் சாலைதான். எந்தத் தடத்திலும் ஒரே பக்கம் இழுத்தால் காரைப் பார்க்க வேண்டும்.

சில புதிய கார்களில் தடத்தைக் காக்கும் வசதி உண்டு. கோட்டை நெருங்கினால் அதுவே ஸ்டீரிங்கைத் திருப்பும். சோதனை செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள்.

காசில்லாத முதல் வைத்தியம்

நேராகப் போகும்போது எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்த பக்கம் கார் சாயும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். பெட்ரோல் நிலைய மீட்டர் கிலோபாஸ்கலில் காட்டும். 220 கிலோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே காலையில், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்திலேயே பாருங்கள்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால் டயரையே சந்தேகிக்கலாம். பார்வைக்குப் புதிதாக இருக்கும் டயரிலும் உள்கட்டமைப்பு ஒரு பக்கம் கோணியிருந்தால் அது காரை இழுக்கும். முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களை மட்டும் இப்படிப் பக்கம் மாற்றக்கூடாது. அவற்றை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மாற்றிப் பாருங்கள்.

செலவைக் குறைக்க ஒரு பக்கம் மட்டும் பழைய டயர் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. முன்னால் இரண்டு சக்கரத்திலும் வெவ்வேறு பிராண்டு, வெவ்வேறு தேய்மானம் என்றால் இழுப்பு வருவதில் வியப்பில்லை. டயர் ஓரத்தில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

பிரேக் மிதிக்கும்போது இழுத்தால்

இதைத் தள்ளிப் போடவே கூடாது. ஒரு பக்கப் பிரேக் நன்றாகப் பிடிக்க, மறுபக்கம் பிடிக்காமல் இருக்கும்போது, பிடிக்கிற பக்கம் கார் திரும்பும். எனவே கார் வலப்பக்கம் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் மூன்று மாதத்தில் இரண்டு முறை வேறோர் இடத்தில் அலைன்மெண்ட் செய்துவிட்டு என்னிடம் வந்தார். “டீச்சர், பிரேக் வைக்கும்போது மட்டும்தானே இழுக்குது?” என்று கேட்டேன். “ஆமா, அதை யாருமே கேட்கலையே!” என்றார். இடது முன்சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் காலிபர் நகர்வதற்கான ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. உள்பக்க பிரேக் பேட் தேய்ந்தே போயிருந்தது. வெளிப்பக்கத்தது ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. ஊசிகளைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி, இரு பக்கமும் பேட் மாற்றினோம். இழுப்பு நின்றது. அவர் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளோடு கராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போய் வருபவர். மழை நேரத்தில், அந்த இறக்கத்தில், முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றிருந்தால்? அதை நினைத்துத்தான் எனக்குப் பதறியது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மிதித்த பிரேக் ஒரு சக்கரத்தில் விடாமல் பிடித்துக்கொள்ளும். இது ஓட ஓடத்தான் தெரியும். கார் அந்தப் பக்கமே இழுக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும், எரியும் வாடை வரும். வண்டியை நிறுத்தி இறங்கியதும் சக்கரத்தைத் தொடாமல், அருகில் கையை வைத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனலடித்தால் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

எண்ணெய் அழுத்தும்போது, மேடு பள்ளத்தில்

நம் கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்களே இழுத்துச் செல்கின்றன. வேகமெடுக்கும்போது சற்றுத் திரும்புவது அவற்றில் சிலவற்றின் இயல்பு. முன்பு இல்லாமல் புதிதாக வந்தால் லோவர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்டிங் ஆகிய ரப்பர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’கென்ற சத்தமும் சேர்ந்து வந்தால் பால் ஜாயிண்ட், டை ரோட், அப்சார்பர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும்.

அலைன்மெண்ட் எதைச் சரி செய்யும்?

கார் நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது. இவைதான் அலைன்மெண்ட் கேட்கும் அறிகுறிகள்.

நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில், முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் ‘டோ’ கோணத்தை மட்டுமே திருகித் திருத்த முடியும். அந்தக் கோணம் தவறினால் டயர் தேயும். கார் ஒரு பக்கம் இழுப்பது அரிது. இழுப்பை உண்டாக்குபவை கேம்பர், காஸ்டர் என்ற மற்ற இரு கோணங்கள். அவை இடதுக்கும் வலதுக்கும் வேறுபட்டிருந்தால், குழியில் விழுந்தோ தடுப்பில் மோதியோ ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று பொருள். அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், புஷ் கிழிந்திருக்கும். வளைந்ததை மாற்றாமல் எத்தனை முறை அலைன்மெண்ட் செய்தாலும் பணம்தான் போகும்.

ஆகவே செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று கோணங்களிலும் இடது, வலது எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு அதிகமாக இருந்தால், “இது ஏன் இப்படி?” என்று கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஓடும்போது திடீரென இழுத்தால்

நெடுஞ்சாலையில் இதுவரை இல்லாத இழுப்பு சட்டென்று வந்தால் டயரில் காற்று இறங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கை உறுதியாகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், எண்ணெயிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறையவிட்டு, சிக்னல் போட்டு அவசரத் தடத்தில் ஒதுங்குங்கள். நின்றதும் குடும்பத்தோடு தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளுங்கள்.

தொலைதூரப் பயணம் என்றால் முதல் நாள் மாலையில் வராமல், ஒரு வாரம் முன்னதாகவே காரைக் காட்டுங்கள். உதிரிபாகம் தேவைப்பட்டால் வரவழைக்க நேரம் வேண்டும். எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்போது இழுக்கிறது, எதற்குப் பிறகு தொடங்கியது ஆகிய மூன்றையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காரைப் பட்டறைக்குக் கொண்டு வருவது கணவரோ மகளோ யாராக இருந்தாலும், அந்தக் குறிப்பைக் காட்டினால் போதும்; எங்கே கை வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.