மெய்நிகர் கணினி ஏன் திணறுகிறது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கூடம். நான்கு அடுப்பு, பத்து சமையல்காரர்கள். ஒவ்வொருவரும் 'அடுப்பெல்லாம் எனக்கே' என்று நினைத்துச் சமைக்க வந்தால் என்ன ஆகும்?

ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுவதும் அப்படித்தான். ஐபிஎம் 1960களிலேயே இதைச் செய்துகாட்டியது. அடுப்புதான் பிராசஸர். யாருக்கு எப்போது அடுப்பு என்று முறை வைப்பது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள்.

உங்கள் மெய்நிகர் கணினி திணறினால் முதலில் அதற்குள்ளேயே பாருங்கள். லினக்ஸில் 'டாப்' கட்டளை, விண்டோஸில் டாஸ்க் மேனேஜர். ஆன்டிவைரஸ் சோதனையோ, முடிவில்லாமல் சுழலும் நிரலோ பிராசஸரை விழுங்கினால் பெயரோடு மேலேயே தெரிந்துவிடும்.

உள்ளே பெரிதாக எதுவும் ஓடவில்லை, ஆனாலும் மந்தமா? இங்கேதான் சுவாரசியம். 'டாப்' திரையில் 'எஸ்டி' என்றொரு எண் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் மெய்நிகர் கணினி கையில் கரண்டியோடு அடுப்புக்காகக் காத்திருந்த நேரம் அது. தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் கோளாறு உங்கள் நிரலில் இல்லை. பக்கத்துக் கணினிகளின் நெரிசலோ, சேவை தருபவர் வைத்த வரம்போ காரணம்.

உடனே மெய்நிகர் பிராசஸர்களைக் கூட்டுவது அவசரம். அடுப்பு கூடவில்லையே! ஒரே சமயத்தில் மூன்று அடுப்பு கேட்பவர் இன்னும் அதிகம் காத்திருக்க நேரலாம். குறைத்துப் பாருங்கள்; அல்லது நெரிசல் இல்லாத வேறு இயந்திரத்துக்கு மாற்றுங்கள்.