சித்தி மீண்டும் தமிழில் பேசினார்

ஜாசின் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் என் சித்தி வசிக்கிறார். அவருடைய மகனுக்கு இப்போது 8 வயது. அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். "அவன் பெரியவனானதும் அவனே சொல்லிக்கட்டும்" என்றார்.

மூன்று வயதாகியும் தம்பி பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஆனால் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டதும் வாசலுக்கு ஓடுவான். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று தெரிந்துகொண்டோம். "ஆம்பளப் பிள்ளைங்க மெதுவாத்தான் பேசும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். பாட்டி முனீஸ்வரன் கோயிலில் நேர்ந்துகொண்டார்.

அரசாங்க கிளினிக்கில் தரும் குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. குழந்தைக்கு 18 மாதமாகும்போது பெற்றோர் அதை நிரப்ப வேண்டும். விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயரைச் சொன்னால் திரும்புகிறானா என்பதெல்லாம் ஆட்டிசத்தை முன்கூட்டியே அறிய உதவும் கேள்விகள். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் சித்தி எல்லாவற்றுக்கும் 'யா' என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். அதை இன்றும் சொல்லி வருந்துவார்.

தம்பிக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது வயது 4. பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் தவணை கிடைத்தது. தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். தோட்டச் சம்பளத்தில் அது முடியாத காரியம்.

அப்போதுதான் ஓரிடத்தில் அந்த ஆலோசனை கிடைத்தது: "பல மொழி கேட்டால் பிள்ளை குழம்பும். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்." சித்தி தமிழ்ப்பள்ளியில் படித்து, படிவம் மூன்றோடு நின்றவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம், சிட், ஈட், நோ'. ஓராண்டு முழுக்க மகனிடம் அவர் பேசியது அவ்வளவுதான். தூங்க வைக்கும்போது பாடிய தாலாட்டும் நின்றது. அப்போது எனக்கு 16 வயது. வாய்தவறித் தமிழ் பேசிய சித்தியை நானே திருத்தியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காகத் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. கனடாவில் ஹம்ப்லி, ஃபோம்போன் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் மொழி வளர்ச்சி கூடுதலாகத் தாமதப்படவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

தொடர்ந்து தேடியதில் இன்னொரு ஆய்வும் கிடைத்தது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்தது. முடிவுகள் 2016இல் அச்சாயின. நிபுணர்கள் குறைவான ஊர்கள் என்பதால், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே 12 அமர்வுகளை நடத்தினார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தாயோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே தாயும் போகப் பழகுவதுதான் பயிற்சி. அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே தாயிடம் தொடர்புகொள்வது அதிகரித்தது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடாமல் குறைந்திருந்தது. ஆட்டிசத்தைக் குணமாக்கும் வழி என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

போன ஆண்டு விடுமுறையில் அதை என் கைப்பேசியில் செய்து பார்த்தோம். நான் பயிற்சி பெற்றவள் அல்லள். படித்ததை வைத்துச் செய்தேன். முதல் வீடியோவில் தம்பி போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குகிறான். சித்தியோ விடாமல் கேள்வி கேட்கிறார். பார்த்துவிட்டு, "நான் அவனப் பேசவே விடலியே" என்றார். மறுநாள் அவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை வைத்து, "செவப்பு" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தார். அவன் நீல மூடியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, மூடி டின்னை அவனாகவே கொண்டுவந்து சித்தியின் மடியில் வைத்தான்.

சித்திக்குத் தெம்பு வந்த இன்னோர் இடம் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையம். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. சமூகநல இலாகாவின் கீழ் நாடெங்கும் நடக்கிறது. அங்கே வெளி நாற்காலியில் காத்திருந்த ஒரு மலாய்க்கார மக்சிக்தான் ஓகேயூ அட்டைக்கு எங்கே பதிவது, அரசாங்கப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு என்பதையெல்லாம் சொன்னார். நாசோம் எனும் தேசிய ஆட்டிசச் சங்கத்தையும் பெற்றோர்களும் நிபுணர்களும் சேர்ந்துதான் அமைத்தார்கள். நம்மவர்களில் பலரோ கல்யாண வீட்டுக்குக்கூட இப்படிப்பட்ட பிள்ளையைக் கூட்டிப் போவதில்லை. சித்தியும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்.

தம்பி இப்போது சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். இருபது சொற்கள் வரை சொல்கிறான். 'தண்ணி', 'வா' தமிழ்; 'மாவ்' மலாய். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், 'நோ'. தாலாட்டு மறுபடியும் தொடங்கிவிட்டது. எட்டு வயதுப் பையனுக்குத் தாலாட்டா என்று பாட்டி சிரிக்கிறார். நடுவில் நிறுத்தினால் சித்தியின் கையைப் பிடித்து இழுக்கிறான்.