"ஃபார்மேட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால்...



நம் கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டர் பழசு. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட அந்த மெஷின் தாங்காது என்றார்கள். அதனால் இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டோம். குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்கை வைக்க ஒரு டிஸ்க் வாங்கி, உபுண்டுவிலேயே ஃபார்மேட் செய்தோம். 'லினக்ஸுக்கு மட்டும்' என்று அங்கேயே போட்டிருந்தது. யார் படித்தோம்? அதன்பின் கணக்கை நேராக அந்த டிஸ்க்கிலேயே பதிந்து வந்தோம். வேறு நகல் எடுக்கவில்லை. எங்கள் தப்புதான்.

தணிக்கைக்காக ஆடிட்டர் அலுவலகத்தில் அதைச் சொருகினோம். அங்கே இருந்தது விண்டோஸ். "டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. நம் கணக்காளரின் கை மவுஸுக்குப் போய்விட்டது. "இரும்மா, தொடாதே!" என்று பிடித்து நிறுத்தினோம். எல்லா உறுப்பினர் கணக்கும் அதற்குள்தானே இருக்கிறது!

டிஸ்க் கெட்டுப்போகவில்லை. நம் பேரேட்டில் எந்த உறுப்பினர் கணக்கு எந்தப் பக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறோம் அல்லவா? டிஸ்க்கிலும் அப்படி ஒரு குறிப்பு முறை உண்டு. அதன் பெயர் ஃபைல் சிஸ்டம். விண்டோஸ் வழக்கமாக வைப்பது என்டிஎஃப்எஸ் முறை. உபுண்டு வைப்பது எக்ஸ்ட்4 முறை. உபுண்டுவுக்கு இரண்டையும் படிக்கத் தெரியும். விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தானாகப் படிக்க வராது. இது புதுத் தொல்லையும் இல்லை. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது, அதில் என்டிஎஃப்எஸ் முறையில் வைத்த டிஸ்க்கை விண்டோஸ் 98-ஆல் படிக்க முடியவில்லை.

தனக்குப் புரியாததால், 'வெறும் நோட்டுதானே, புதுசாக முதல் பக்கம் எழுதட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கிறது. மாமியார் டப்பா அடுக்கிய வரிசை புரியவில்லை என்று மருமகள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாளா? சரி என்று அமுக்கினால் பழைய முதல் பக்கம் போச்சு. பிறகு விவரம் தெரிந்தவர்கள் சில சமயம் மீட்டுத் தருவார்கள். ஆனால் செலவு அதிகம், உறுதியும் கிடையாது.

டிஸ்க்கைத் திரும்பக் கொண்டுவந்து உபுண்டுவில் சொருகினோம். கணக்கு அத்தனையும் அப்படியே இருந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது! கம்ப்யூட்டரில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்தோம். அதற்குப் பிறகே டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து கணக்கைத் திரும்ப ஏற்றினோம். இந்த முறையை விண்டோஸ் 10, 11, இப்போதைய உபுண்டு எல்லாமே படிக்கும். ஃபேட்32 என்ற பழைய முறையும் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. கணக்குக்கு அது போதும், நீளமான பயிற்சி வீடியோவுக்குப் பத்தாது.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. இரண்டிலும் என்டிஎஃப்எஸ்தான். ஆனாலும் மாற்ற வருபவரிடம், "முதலில் நகல் எடுங்க, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டுங்க, அப்புறம் பழசை அழிங்க" என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.