12 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்; வரி ஒரு ரூபாய் நான்கு பைசா

சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள். போன ஆண்டு படிவங்களை மாற்றியமைக்கத் தாமதமானதால் செப்டம்பர் 15 வரை அவகாசம் கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் இணையதளம் திணறியதால் இன்னும் ஒரு நாள் சேர்த்தார்கள். இந்த ஆண்டும் அப்படி நடக்கும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. "12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்கள். எனக்குச் சம்பளம் 13 லட்சத்துச் சொச்சம். கொஞ்சம்தானே கூட? ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டச் சொல்கிறதே, கணக்கில் ஏதாவது தவறா?" சிலர் ஆடிட்டரையே சந்தேகப்படுகிறார்கள். ஆடிட்டர் மேல் தவறில்லை, கணக்கும் சரிதான். சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த சலுகை அது. வரி அடுக்குகள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றுக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வரி முறையில் வரி தொடங்கும் இடம் இன்றும் 4 லட்சம்தான். 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு 60,000 ரூபாய் வரி விதிக்கப்படுகிறது. பிறகு அதே 60,000 தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. விலக்கு வரம்பையே 12 லட்சமாக உயர்த்தியிருந்தால் அதற்கு மேல் சம்பாதிப்பவர்களும் முதல் 12 லட்சத்துக்கு வரி கட்டியிருக்க மாட்டார்கள். தள்ளுபடியாகக் கொடுத்ததால், கோட்டைத் தாண்டிய அடுத்த நிமிடமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது. மேடையில் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துப் பத்து ரூபாய் என்றால் தள்ளுபடி முழுவதும் போய்விடும். பத்து ரூபாய் கூடியதற்கு 60,000-த்துக்கு மேல் வரி விழும். இந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் 'மார்ஜினல் ரிலீஃப்' வந்தது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியிருக்கிறதோ, வரி அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது என்பது விதி. பத்து ரூபாய் கூடினால் வரி பத்து ரூபாய். பத்தாயிரம் கூடினால் பத்தாயிரம். 12,10,000 ரூபாய் வருமானத்துக்கு அடுக்குப்படி 61,500 ரூபாய் வரவேண்டும், ஆனால் 10,000 கட்டினால் போதும் என்று அரசின் கேள்வி-பதில் விளக்கமே பெருமையாகச் சொல்கிறது.

அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். கூடுதலாகச் சம்பாதித்தது பத்தாயிரம், வரியாகப் போனதும் பத்தாயிரம். இதற்குப் பெயர் நிவாரணம். செங்குத்தான பள்ளத்தைச் சமதளமாக்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சமதளத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கையில் ஏறாது.

சரியாகச் சொன்னால் அது சமதளம்கூட இல்லை, லேசாகச் சரிகிறது. காரணம், 4 சதவீத செஸ். மார்ஜினல் ரிலீஃப் வரியை மட்டுமே கட்டுப்படுத்தும். அப்படிக் கட்டுப்படுத்திய வரியின் மேல் சுகாதாரம், கல்விக்கான செஸ் தனியாக ஏறும். 10,000 வரிக்கு 400. அரசின் உதாரணத்தில் இந்த 400 இடம்பெறவில்லை. ஆக, இந்தப் பகுதிக்குள் நீங்கள் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கட்டுவது ஒரு ரூபாய் நான்கு பைசா. ஆண்டுக்குப் பெருந்தொகை சம்பாதிப்பவர்கூடப் பொதுவாக அடுத்த ரூபாயில் பெரும்பகுதியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். நூறு சதவீதத்துக்கு மேல் கட்டுபவர் மாதம் ஒரு லட்சத்துச் சொச்சம் வாங்கும் நடுத்தர வர்க்கத்துக்காரர்.

இந்தப் பகுதி எங்கே முடிகிறது? அடுக்குப்படி வரும் வரியும் கூடுதல் வருமானமும் சமமாகும் இடத்தில். அது 12,70,588 ரூபாய். அதற்கு மேல் வழக்கமான 15 சதவீதம் வந்துவிடும். ஆனால் செஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால், 12 லட்சம் உள்ளவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையை எட்டிப்பிடிக்க வருமானம் ஏறக்குறைய 12 லட்சத்து 74 ஆயிரம் ஆகவேண்டும். நிலையான கழிவு 75,000-ஐச் சேர்த்துச் சம்பளக் கணக்கில் சொன்னால், 12.75 லட்சத்துக்கும் 13.49 லட்சத்துக்கும் இடையில் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும், 12.75 லட்சம் வாங்கும் பக்கத்து மேசைக்காரரைவிடக் குறைவாகவே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இன்கிரிமென்ட் கடிதத்தோடு இனிப்பு வாங்கிக் கொடுக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

13.25 லட்சம் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். கழிவு போக 12.50 லட்சம். அடுக்குப்படி வரி 67,500, ரிலீஃபுக்குப் பிறகு 50,000, செஸ் 2,000, மொத்தம் 52,000. கையில் 12,73,000. இவர் ஆண்டில் பதினான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் சம்பளம் 12,74,178 ஆகக் குறைந்திருக்கும், வரி பூஜ்யம். பி.எஃப். பிடித்தம் முதலியவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டு வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தவருக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் லாபம். உழைப்பைப் பற்றி நம் வரிச் சட்டம் என்ன நினைக்கிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எஃப்டி வைத்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். சம்பளம் சரியாக 12.75 லட்சம், வரி இல்லை என்று நிம்மதியாக இருப்பவருக்கு, சுமார் ஏழு லட்சம் ரூபாய் எஃப்டியில் 50,000 வட்டி வருகிறது என்று வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ் பிடிக்கும். அதனால் இவரிடம் ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். அலுவலகமும் ஃபார்ம் 16-இல் வரி இல்லை என்றே கொடுக்கும். ஜூலையில் படிவத்தை நிரப்பும்போதுதான் 52,000 என்று திரையில் வந்து நிற்கும். வட்டி முழுவதும் போய், மேலே 2,000 சொந்தக் காசு. முன்கூட்டி வரி கட்டாததற்கு மாதம் ஒரு சதவீத வட்டி தனி. 'வட்டியைக் காட்டாமல் விட்டால் என்ன?' என்று எழுதியிருக்கும் அன்பருக்கு: வங்கி ஏற்கெனவே காட்டிவிட்டது. உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சமதளமாவது கிடைத்ததே என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2023 பட்ஜெட்டில் தள்ளுபடி வரம்பு 7 லட்சமாக உயர்ந்தபோது மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. ஏழு லட்சத்தை ஒரு நூறு ரூபாய் தாண்டினாலும் இருபத்தைந்தாயிரம் கட்டவேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. மார்ச் மாதம் மக்களவையில் நிதி மசோதா நிறைவேறும்போது திருத்தமாகச் சேர்த்தார்கள். பழைய முறையில் அந்தத் திருத்தமும் இல்லை. அங்கே 5 லட்சத்துக்கு மேல் பத்து ரூபாய் கூடினால் இன்றும் சுமார் 13,000 ரூபாய் ஒரேயடியாக விழும்.

பழைய முறைக்குத் தாவினால் தப்பிக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதே 13.25 லட்சம் சம்பளக்காரர் 80சி-யில் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டு வாடகைப் படி 2 லட்சம் என்று எல்லாவற்றையும் காட்டினாலும் பழைய முறையில் 54,600 வருகிறது. 52,000-ஐவிட 2,600 அதிகம். இவ்வளவு கழிவையும் ஒருசேரக் காட்டக்கூடியவர்கள் சிலரே. அதிலும் வாடகை ரசீது உண்மையாக இருக்கவேண்டும்.

உருப்படியான வழி ஒன்று இருக்கிறது, ஆனால் போன நிதியாண்டுக்கு அது முடிந்துபோனது. புதிய முறையிலும் அனுமதிக்கப்படும் சில கழிவுகளில், தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு (என்பிஎஸ்) நிறுவனம் செலுத்தும் பங்கும் ஒன்று. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை போகலாம். மேலே சொன்னவர் தன் சம்பளத்தில் 50,000 ரூபாயை நிறுவனத்தின் என்பிஎஸ் பங்காக மாற்றித் தரச் சொன்னால் வரி 52,000-மும் போய்விடும். கைக்கு வரும் சம்பளம் 2,000 கூடும், ஓய்வூதியக் கணக்கில் 50,000 சேரும். இந்தப் பகுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட இலவசம். ஓய்வுக்காலம் வரை அந்தப் பணத்தில் சுலபமாகக் கைவைக்க முடியாது என்பது குறை. நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அதைவிடப் பெரிய குறை. நீங்களே நேரடியாகக் கட்டுகிற என்பிஎஸ் தொகைக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. இந்த நிதியாண்டிலும் அடுக்குகள் மாறவில்லை என்பதால் மனிதவளத் துறையிடம் இப்போதே பேசுங்கள். மார்ச் மாதம் போய் நின்றால் நடக்காது.

பங்குச் சந்தைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். வரிக்குரிய சம்பளம் 8 லட்சம், பங்கு விற்றதில் நீண்டகால லாபம் 2.25 லட்சம், மொத்தம் 10.25 லட்சம்தானே என்று நினைக்காதீர்கள். சம்பளத்தின் மேல் வரும் 20,000 தள்ளுபடியாகும். லாபத்தில் 1.25 லட்சம் போக மீதி ஒரு லட்சத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 13,000 கட்டியே ஆகவேண்டும். இப்படித் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன லாபத்துக்குத் தள்ளுபடி இல்லை. முன்பு இதில் குழப்பம் இருந்தது. 2024 ஜூலை 5 அன்று வரித்துறை தன் மென்பொருளை மாற்றியபோது, அதற்கு முன் தாக்கல் செய்தவர்களுக்குக் குறுகியகால லாபத்திலும் கிடைத்த தள்ளுபடி, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், தாமத, திருத்திய கணக்குகளுக்கு 2025 ஜனவரி 15 வரை அவகாசம் வாங்கித் தந்தது. அடுத்த பட்ஜெட்டிலேயே சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வரி பூஜ்யம் என்றால் தாக்கல் செய்யவேண்டாமா? வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் செய்யவேண்டும்.

துபாயில் இருக்கிறேன், சென்னை வீட்டு வாடகை வருகிறது, 12 லட்சம் சலுகை உண்டா? இல்லை. தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

ஓய்வூதியருக்கு 75,000 கழிவு உண்டா? உண்டு. குடும்ப ஓய்வூதியம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 25,000.

மனைவி பெயரில் எஃப்டி போட்டால்? பணம் உங்களுடையது என்றால் வட்டியும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

கடைசி நாளைத் தவறவிட்டால்? டிசம்பர் 31 வரை செய்யலாம். கட்டணம் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும்.

மார்ஜினல் ரிலீஃபுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டுமா? வேண்டாம். படிவமே கணக்கிடும், சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தாக்கல் செய்ததோடு வேலை முடியவில்லை. 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வங்கிக் கணக்கு வழியாகவோ கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு சரிபார்த்தால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள்; அது கடைசி நாளைத் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணமும் போடுவார்கள்.