பொதுப் பணமும் எழுதாத குறிப்பும்

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை வேண்டியபோது இலக்கியச் சுவை பற்றியோ இலக்கண மரபு பற்றியோ எழுதித் தருவோமென்றே எதிர்பார்த்திருப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் சென்ற ஆண்டு நிகழ்ந்ததொரு சிறு சம்பவம் நம் எண்ணத்தை வேறு திசையிற் செலுத்திற்று.

நம்மிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், இப்போது அரசாங்கக் கந்தோர் ஒன்றிலே கடமை பார்ப்பவர், ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லம் தேடி வந்தார். கையிலே ஒரு கடிதம். 'கணக்காய்வு ஐயவினா' என்று அதன் தலைப்பிற் கண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்கள் வாங்கி இரண்டு மாரி கழிந்தும் அவை களஞ்சியத்திற் கிடப்பதன் காரணம் யாது, தேவை மதிப்பிடப்பட்டதா, மதிப்பிட்டவர் யார் என மூன்று கேள்விகள் அதிலே இருந்தன.

"சேர், இதுக்கு ஒரு மறுமொழி எழுதவேணும். ஆருடைய பேரும் வராமல் நல்ல தமிழிலே எழுதித் தாருங்கோ" என்றார்.

பெயர் வராமல் எழுதுவதற்குத் தமிழிலே வழியுண்டு. செயப்பாட்டுவினையை நாமே அவருக்குப் படிப்பித்தோம். 'குழாய்கள் வாங்கப்பட்டன, தேவை கருதப்பட்டது, தாமதம் ஏற்பட்டது' என்று எழுதிவிட்டால், வாங்கியவரும் கருதியவரும் தாமதித்தவரும் வாக்கியத்தினின்று மறைந்து போவர். நாம் உடனே பேனாவை எடுக்கவில்லை. இக்கேள்விகளை உம்மிடம் கேட்பவர் யார், எந்த உரிமையாற் கேட்கிறார் என்று வினாவினோம். "ஓடிற்காரர்" என்பதற்குமேல் அவருக்கு விடை தெரியவில்லை. பத்தாண்டு உத்தியோகம் பார்த்தவர்க்கே தெரியாததாயின் மற்றையோர்க்கு எங்ஙனம் தெரியும்? அதனாலேயே இக்கட்டுரை எழுந்தது.

அக்கேள்வியைக் கேட்பது உண்மையிற் பாராளுமன்றம். இந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொது நிதியின்மீது பூரண கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என்று விதிக்கின்றது. நாம் கடையிலே தேயிலை வாங்கும்போது செலுத்தும் வரியும், வெளிநாட்டு வங்கி தரும் கடனும் அரசாங்கத்தின் கைக்கு வந்தவுடன் பொதுப்பணம் ஆகின்றன. திரட்டு நிதியம் என்னும் அந்தப் பெரும் பெட்டகத்திலிருந்து, சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு சதமும் வெளியே போதல் ஆகாது.

பெட்டகத்தின் திறப்பு ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீட்டுச் சட்டமூலமாகும். வரவு செலவுத் திட்ட உரையும் இரண்டாம் வாசிப்பு விவாதமும் பத்திரிகைகளிற் பெரிய எழுத்தில் வரும். அவற்றின் பின்னர் அமைச்சு அமைச்சாக, தலைப்புத் தலைப்பாக நடைபெறும் குழுநிலை விவாதத்தைப் படிப்போர் அரியர். ஒவ்வொரு மாவட்டச் செயலகத்துக்கும் அதிலே தனித்தலைப்பு உண்டு. கிளிநொச்சிக் கச்சேரிக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று. நம் ஊருக்கு என்ன வருகிறது என்று அறிய விரும்புவோர் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டவேண்டும். வவுனியாத் தொகுதியிலிருந்து 1947இல் முதற் பாராளுமன்றம் சென்ற செல்லப்பா சுந்தரலிங்கம் அவர்கள் கணிதப் பேராசிரியராய் இருந்தவர். அத்தகையவர்க்கு இத்தொகைகள் அஞ்சத்தக்கன அல்ல. நம்மில் பெரும்பாலோர்க்கு எண் வரிசையைக் கண்டதும் கண் மங்குகிறது.

ஒதுக்கிய பணம் வேறு, செலவான பணம் வேறு, செலவினால் விளைந்த பயன் வேறு. முதலாவதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். மற்றை இரண்டையும் பார்ப்பதற்கு அமைந்தவர் கணக்காய்வாளர் தலைமையதிபதி. இப்பதவி மிகப் பழையது. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய 1803ஆம் ஆண்டுக்கு நான்காண்டு முன்னரே, அதாவது 1799இல், ஆங்கிலேயர் இத்தீவிற் கணக்காய்வுக்கு அதிபதி ஒருவரை நியமித்துவிட்டனர். அவர் அன்று கணக்குக் காட்டியது தேசாதிபதிக்கு; இன்று காட்டுவது பாராளுமன்றத்துக்கு. நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துள் அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், சட்டத்துக்கு மாறான செலவால் நேர்ந்த நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமே அறவிடுவதற்கும் வகைசெய்தது. எனினும் இப்பதவியும் அரசியற் காற்றுக்கு அசையாததன்று. 2015இல் தோற்றுவிக்கப்பட்ட கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை 2020ஆம் ஆண்டின் இருபதாந் திருத்தம் நீக்கிற்று. 2022இல் இருபத்தோராந் திருத்தம் மீட்டுத் தந்தது. வீட்டுக் காவலனை ஒருமுறை வெளியே அனுப்பிப் பின்னர் மறுபடி அழைத்தாற் போன்றது இது.

கணக்காய்வாளரின் அறிக்கையை எடுத்து உத்தியோகத்தரை நேரிலே விசாரிப்பன பாராளுமன்றக் குழுக்கள். இங்கிலாந்தில் 1861இல் கிளாட்ஸ்டன் காலத்தில் ஏற்பட்ட பொதுக்கணக்குக் குழுவே இவற்றுக்குத் தாய். நம் நாட்டிற் சட்டநிரூபண சபைக் காலத்திலே, 1921இல், அத்தகைய குழு அமைந்தது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் யாவும் இன்று அதன் பார்வைக்கு உட்பட்டவை. கூட்டுத்தாபனங்கள் பெருகியபின், அவற்றுக்கெனக் 'கோப்' என்று பத்திரிகைகள் சுருக்கி அழைக்கும் மற்றொரு குழு 1979 யூன் மாதத்தில் நிறுவப்பட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை அறிந்த முதியோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராய் இருந்த காலத்தோடு சேர்த்து நினைக்கப்படும் அவ்வாலை, அரசாங்கத்தின் உடைமை. ஆயினும் திணைக்களம் அன்று. விற்கும், வாங்கும், இலாபம் பார்க்கும், நட்டமும் அடையும். இவ்வகை நிறுவனங்களில் நட்டம் வந்தால் திறைசேரி, அதாவது நாமே, சுமக்கவேண்டும். ஆகவே தனிக்கண் ஒன்று வேண்டியதாயிற்று.

குழுக்களுக்கு ஆளை அழைக்கவும் ஏடுகளைக் கேட்கவும் அதிகாரம் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 2015 பெப்ரவரியில் மத்திய வங்கி நடத்திய திறைசேரி முறி விற்பனையை விசாரித்த கோப் குழுவின் வரலாறு இதனை நன்கு காட்டும். முதற் குழு தன் விசாரணையை முடித்து அறிக்கை சமர்ப்பிக்குமுன் பாராளுமன்றம் கலைந்தது. அடுத்த குழு 2016 ஒக்டோபரில் அறிக்கை கொடுத்தபோது, அடிக்குறிப்புகளைச் சேர்ப்பதா விடுப்பதா என்று உறுப்பினர் பிரிந்து நின்றனர். அடிக்குறிப்புக்காக அரசியல்வாதிகள் சண்டையிட்டதைக் கண்டு தமிழாசிரியராகிய நமக்கு ஒருவகை மகிழ்ச்சியும் உண்டாயிற்று. சொல்லின் கனத்தை அன்றேனும் உணர்ந்தார்களே!

நிற்க. நம் மாணவரின் கடிதத்திலிருந்த மூன்றாவது கேள்விக்கு, மதிப்பிட்டவர் யார் என்பதற்கு, வருவோம். இக்கேள்வி எங்கும் இடர் தருவதே. ஸ்கொத்லாந்து தேசத்திலே 1999இல் தனிப் பாராளுமன்றம் கூடிற்று. அதற்கெனக் கணக்காய்வாளர் தலைமையதிபதியும் பொதுக் கணக்காய்வுக் குழுவும் உள்ளன. அங்கு மேற்குத் தீவுகளின் மக்கள் கப்பலை நம்பி வாழ்பவர். நம் நெடுந்தீவு, நயினாதீவு மக்களை நினைத்துக்கொள்க. அவர்களுக்கென இரண்டு கப்பல்கள் கட்ட 2015இல் 97 மில்லியன் பவுணுக்கு ஒப்பந்தமாயிற்று. 2018இல் வந்திருக்கவேண்டியவை. முதற் கப்பல் சேவைக்கு வந்தது 2025 சனவரியில். செலவோ மும்மடங்கையும் கடந்தது. கட்டுபவர் தவறினாற் பணத்தை மீளப்பெறுவதற்கான முழு உத்தரவாதம் இல்லாதிருந்தும் ஒப்பந்தத்தை ஏற்றது ஏன்? 2022 மார்ச் மாதத்தில் வெளியான கணக்காய்வு அறிக்கை இவ்வினாவுக்கு விடை தேடியபோது, அம்முடிவுக்கான காரணத்தை விளக்கப் போதிய எழுத்துச் சான்று இல்லை என்று கூறநேர்ந்தது. எழுத்திலே புகழ்பெற்ற நாடு, அச்சிலே முதிர்ந்த நாடு. அங்கும் வேண்டிய குறிப்பு வேண்டிய கோப்பில் இல்லை. கப்பல் தாமதித்ததைவிட இதுவே நம்மை அதிகம் வருத்திற்று.

இனி நம் வாசலுக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் அனுமதித்தது. குளத்தைச் சீர்செய்வதும் நீரைக் கொண்டுபோவதும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். காலபோகம் செய்தபின் சிறுபோகத்துக்கு வயல்களில் ஒரு பகுதிக்கே நீர் காணும் நிலையில், குளத்திலிருந்து நாள்தோறும் குடிநீர் எடுத்தால் தம் கதி என்ன என்பது அவர் கேள்வி. கிணற்று நீர் உவர்ப்பேறி வருந்தும் யாழ்ப்பாணத்தவர் கேள்வியும் நியாயமானதே. நமக்கு இரு பக்கத்திலும் உறவினர் உளர். இரு பக்கத்துச் சொல்லையும் ஒரே கலியாணப் பந்தலிற் கேட்டிருக்கிறோம். ஈற்றிலே திட்டம் மாறிற்று. வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அளவில் நீர் பெறும் வகையாக 2024 ஆகஸ்டில் அது திறந்துவைக்கப்பட்டது. கடன் அனுமதிக்கும் திறப்புவிழாவுக்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

இதில் யார்மீதும் குற்றஞ் சுமத்துதல் நம் நோக்கமன்று. பற்றுச்சீட்டுச் சரியா என்று மட்டும் பார்க்கும் கணக்காய்வு இத்தகைய காரியத்தின் கரையைக்கூடத் தொடாது. இவ்வளவு நீர் குளத்தில் உண்டா, எந்த மாதத்தில் உண்டா, கமக்காரரை எப்போது கேட்டீர், அவர் சொன்னதை எங்கே எழுதினீர் என்று கேட்பதே பயனுள்ள கணக்காய்வு. சிக்கனம், செயற்றிறன், பயனுறுதி என்று கணக்காய்வாளர் சொல்லும் மூன்றினுள் இறுதியானதைத்தான் நம் மக்கள் 'காசு போச்சு, காரியம் நடக்கேல்லை' என்று இரண்டு சொற்றொடரில் அடக்கிவிடுகின்றனர்.

வடக்குக்கு மற்றொரு குறையும் உண்டு. பாடசாலை, வைத்தியசாலை, உள்வீதி என்னும் நாளாந்தச் சேவைகளிற் பல மாகாணத்துக்கு உரியவை. 2013இல் தெரிவான வடமாகாண சபை, ஒதுக்கீட்டு நியதிச் சட்டத்தை விவாதித்து நிறைவேற்றியது. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இவ்வரிகளை எழுதும் வரையில் மறு தேர்தல் நடைபெறவில்லை. பணம் வருகிறது, செலவாகிறது, கணக்காய்வும் நடைபெறுகிறது. எழுந்து நின்று 'எங்கள் ஊர்ப் பாலம் எங்கே' என்று கேட்கும் மாகாண உறுப்பினர் இல்லை. அவை பயனற்றதாய் இருந்தது என்பாரும் உளர். கேள்வி கேட்கும் ஆசனம் வெறுமையாய் இருப்பதைவிடச் சலிப்பூட்டும் உறுப்பினர் ஒருவர் அதில் இருப்பது மேல் என்பது நம் கருத்து.

ஆசனம் வெறுமையாய் உள்ள காலத்துக் குடிமகனுக்குக் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாம் முன்னர்க் கற்பித்த சிற்றூர்ப் பாடசாலை ஒன்றில் மூன்று வகுப்பறைக்கு அத்திவாரமிட்டுத் தூண்கள் எழுப்பியதோடு வேலை நின்றுவிட்டது. பிள்ளைகள் மரநிழலில் இருந்து படித்தனர். தூண்களின் இடையே ஆடுகள் கட்டப்பட்டன. பெற்றார் ஒருவர் நம் தூண்டுதலால் அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். மறுமொழி வந்தது. ஒதுக்கிய தொகை, கொடுத்த தொகை, மீதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. வேலை நிறுத்தப்பட்ட காரணம் என்னும் இடத்திற் 'கோப்பில் குறிப்பு இல்லை' என்று மட்டும் காணப்பட்டது. யாரோ ஒருவர் தொலைபேசியிலே நிறுத்தச் சொல்லியிருப்பார், மற்றொருவர் தலையசைத்திருப்பார். அந்தத் தலையசைப்பை எந்தப் பாராளுமன்றக் குழு அழைத்து விசாரிக்க இயலும்?

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று லிகிதராகவும் கணக்காளராகவும் பொறியியலாளராகவும் அதிபராகவும் கோப்புகளின் நடுவே இருக்கின்றனர். கொழும்பிலே பெரிய மண்டபத்தில் நடைபெறும் விசாரணை, இவர்கள் மேசையிலே ஒருநாள் எழுதப்பட்ட அல்லது எழுதாமல் விடப்பட்ட இரண்டு வரிகளைத் தேடித்தான் வருகின்றது. மேலதிகாரி வாயாற் சொன்னதைத் திகதியிட்டு எழுதி வைத்தல் எளிதன்று என்பதை அறிவோம். இடமாற்றம் வரலாம், முகங் கறுக்கலாம். அதனை எளிதென்று இம்மலரிலே எழுதி எவரையும் ஏமாற்ற விரும்பவில்லை.

அன்று மாலை நம் மாணவரிடம், குழாய்களை வாங்கும்படி சொன்னவர் யார் என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். வாய்மொழிக் கட்டளை, கோப்பில் ஒன்றும் இல்லை, அவர் இப்போது வேறு மாவட்டத்தில் உயர் பதவியில் இருக்கிறார் என்று பின்னர் கூறினார். தேநீர் ஆறிப்போயிற்று. இருவருமாய் இருந்து மறுமொழியை எழுதினோம். எழுவாய் உள்ள வாக்கியங்களாகவே எழுதினோம்: இன்ன திகதியில் இன்ன பதவியிலிருந்தவர் வாய்மொழியாகப் பணித்தார்; நான் கொள்வனவுக் கட்டளையைத் தயாரித்தேன்; தேவை மதிப்பீடு நான் செய்யவில்லை, பிறர் செய்ததாகவும் கோப்பிற் காணவில்லை. 'நான்' என்ற சொல்லை இரண்டு முறை வெட்டி இரண்டு முறையும் தாமே திரும்ப எழுதினார்.

கடிதம் மறுநாளே போயிற்று. ஆறு வாரங் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. இரண்டாவது ஐயவினா வந்திருக்கிறது என்றார். அது அவர் பெயருக்கு வரவில்லை.